அம்மாவுக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு இம்ப்ளான்ட்: செய்துகொண்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்

நீடாமங்கலம் உரக்கடை கேட்டது:

வணக்கம். எங்கள் அம்மாவுக்கு 64 வயது. கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. ஒன்றை எடுத்து ஆறு வருடம் ஆகிறது, மற்றதை போன ஆவணியில் எடுத்தோம். அன்றிலிருந்து இடது பக்கமே மென்று மென்று இப்போது அந்தப் பக்கமும் வலிக்கிறது என்கிறார். முருங்கைக்காய் தொடுவதில்லை, கறி தொடுவதில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறார். ஆள் இளைத்துப் போனது கண்ணுக்குத் தெரிகிறது.

தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு இம்ப்ளான்ட் போடலாம், அதாவது பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஸ்குரூ வைக்கலாம், ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். ஸ்குரூ மேல் மாட்டுகிற பல், அதுதான் கேப், அது உட்பட 80,000 ஆகும் என்றார். தை மாதம் சம்பா அறுவடை, நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் வந்துவிடும், அதனால் அதைச் சமாளிக்கலாம். பயம்தான் பெரிதாக இருக்கிறது. பெரியப்பா வந்திருந்தார். 'தாடை எலும்பில் துளை போடுவார்களாம், மூளைக்குப் போகிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது, இந்த வயதில் இது வேண்டுமா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சுகர், மாத்திரைதான், இன்சுலின் இல்லை. பிரஷர் மாத்திரை உண்டு. வெற்றிலை போடுவார், புகையிலை சேர்த்துத்தான்.

வலி எப்படி இருக்கும்? எத்தனை தடவை தஞ்சாவூர் போய்வர வேண்டும்? எத்தனை நாள் கஞ்சி? போட்ட பிறகு சொந்தப் பல் மாதிரி மெல்ல முடியுமா? விளம்பர வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன், இதற்கு அதில் பதில் இல்லை.

பாபநாசம் டீச்சர் எழுதியது:

தம்பி, நான் பாபநாசம் பக்கம் உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் எடுக்கிறேன். வயது 53. என் வாயில் இரண்டு இம்ப்ளான்ட் இருக்கிறது. ஒன்று மேல் முன்பல், இன்னொன்று கீழே இடது கடைவாய். முன்பல்லுக்கு முதலில் போட்டது ஏழே வாரத்தில் ஆடி, வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது இருப்பது இரண்டாவது தடவை போட்டது. நல்லபடியாக முடிந்ததும் எனக்குத் தெரியும், கெட்டுப் போனதும் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பெரியப்பா சொன்ன நரம்பு. அவர் சொன்னதில் பாதி சரி. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அது. அதில் அடிபட்டால் உதடு மரத்துப்போகும், சிலருக்கு அது திரும்பாமலே போகலாம். மூளைக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தொடாமல் இருப்பதற்குத்தான் ஸ்கேன் கேட்கிறார்கள். சிபிசிடி என்று சொல்வார்கள். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ இருக்க, தலையைச் சுற்றி ஒரு கருவி ஒரு வட்டம் போகும், அவ்வளவுதான். அதில் எலும்பின் உயரம், அகலம், நரம்பு எந்த ஆழத்தில் ஓடுகிறது எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும். எனக்கு எலும்பின் மேல்விளிம்பிலிருந்து நரம்பு வரை 13.5 மில்லிமீட்டர் இருந்தது. டாக்டர் 10 மில்லிமீட்டர் ஸ்குரூவைத் தேர்ந்தெடுத்தார். நரம்புக்கு மேல் குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் நிறுத்துவோம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் நரம்பைச் சிவப்புக் கோடாக வரைந்து காட்டினார். அந்தக் கோட்டை அம்மாவுக்கும் காட்டச் சொல்லுங்கள். நான் அதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் தைரியமாகச் சாய்ந்தேன்.

கடைவாய்க்குப் போட்ட நாளைச் சொல்கிறேன், அம்மாவுக்கு நடக்கப்போவதும் ஏறக்குறைய இதுதான். காலையில் நன்றாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு ஊசிதான், அந்த ஊசி குத்துவதுதான் அன்றைய வலி. பத்து நிமிடத்தில் கீழுதடு கனத்து, அது என் உதடே இல்லை போலாகிவிட்டது. ஈறைக் கீறியது தெரியவில்லை. துளையிடும்போது வலி இல்லை, ஆனால் அதிர்வும் சத்தமும் உண்டு. மோட்டார் கொட்டகைச் சுவரில் காதை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி மண்டைக்குள்ளேயே ஒரு உறுமல். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாததால் அதற்குத்தான் பயந்துபோனேன். அம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். எலும்பு சூடாகிவிடக் கூடாது என்று உப்புநீரை ஊற்றிக்கொண்டே, மெதுவாக, சின்னத் துளையூசியில் தொடங்கி ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கிப் போகிறார்கள். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே செல்கள் செத்துவிடும், செத்த எலும்பு ஸ்குரூவைப் பிடிக்காது என்று டாக்டர் பிறகு விளக்கினார். கடைசியில் ஒரு சின்னத் திருகியால் கையாலேயே இறுக்கினார். அதில் முறுக்கு எவ்வளவு என்று எண் காட்டும். 'முப்பத்தைந்து' என்று உதவிப் பெண்ணிடம் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார். ஈறைத் தைத்து எழுப்பி உட்காரவைத்தபோது முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சாயந்தரம் மரப்பு இறங்கியதும் ஒரு கடுப்பு. மாத்திரை போட்டேன், கேட்டது. அன்று முழுக்க கன்னத்தில் ஐஸ் வைத்து வைத்து எடுத்தேன். வேகமாகத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, ரத்தக்கட்டு கலைந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீர், அப்புறம் டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மருந்துநீர். அதை ஊற்றிக்கொண்ட பிறகு உடனே காபி குடித்தால் பல்லெல்லாம் பழுப்பாகக் கறைபடும், அரை மணி நேரமாவது பொறுக்கச் சொல்லுங்கள். வீக்கம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் அதிகம், கழுத்தோரம் கொஞ்சம் மஞ்சள் பூத்தது, ஒரு வாரத்தில் போய்விட்டது. நான் வெள்ளிக்கிழமை போட்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். தையல் பிரித்தது பத்தாம் நாள். சாப்பாடு முதல் இரண்டு நாள் ஆறிய கஞ்சி, மோர், இளநீர், குழைந்த தயிர்சாதம். மூன்றாம் நாள் என் தங்கை திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்தாள், மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது, அவருக்குப் பருப்பு மசியல், வேகவைத்த முட்டை. பத்துப் பதினைந்து நாளைக்கு மறுபக்கம்தான் மெல்ல வேண்டும்.

ஆக, பல் பிடுங்குவதைத் தாங்கியவர் இதைத் தாங்கிவிடுவார். ஆளை வாட்டுவது அதற்குப் பிறகு வருகிற காத்திருப்பு.

என் முன்பல் கதை முழுக்க அதுதான். 2021 நவம்பர், கொரோனா விடுமுறை முடிந்து கீழ்வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த இரண்டாம் வாரம். குடமுருட்டிப் பாலம் தாண்டிச் சேற்றில் வண்டி வழுக்கி விழுந்தேன். மேல் முன்பல் ஈறோடு முறிந்துவிட்டது, வேரும் விரிசல். முகக்கவசம் இருந்ததால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்துவிட்டது. கீழுதடு மேல்பல்லில் பட்டால்தான் வகரம் பிறக்கும், நுனிநாக்கு மேல்பல்லின் அடியில் பட்டால்தான் தகரமும் நகரமும். இதை நான் இருபது வருடமாக ஆறாம் வகுப்புக்குப் பாடமாக நடத்துகிறவள். 'வகுப்பு' என்று சொன்னேன், நடுவில் காற்று கசிந்து வேறு ஏதோ சத்தமாக வெளியே வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை நான் சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னாள். கேலி இல்லை, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த அவசரத்தில் ஓடினேன். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம். பிடுங்கிய அன்றே ஸ்குரூ, அன்றே தற்காலிகப் பல், மூன்று நாளில் வேலை முடிந்தது என்றார்கள். அன்றே போடுவது தவறான முறை அல்ல, எலும்பைப் பார்த்து, ஆளைப் பார்த்துச் செய்கிறார்கள். எனக்கு எடுத்ததோ ஒரே ஒரு சின்ன எக்ஸ்ரே. அதில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. மேல் முன்பல்லுக்கு உதட்டுப் பக்கம் இருக்கிற எலும்பு இயல்பிலேயே மெல்லியது, பல் போனால் சீக்கிரம் கரைவதும் அதுதான். ஏழாம் வாரம் நாக்கால் தள்ளினால் பல் அசைந்தது. வலியே இல்லை. அசைந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எடுக்கத்தான் வேண்டும். கொடுத்த 30,000 போனது போனதுதான்.

தஞ்சாவூரில் இரண்டாவது டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஸ்குரூ பற்றிப் பேசவே இல்லை, எலும்பைப் பற்றித்தான் பேசினார். எடுத்த இடம் ஆற நான்கு மாதம். பிறகு எலும்புத் தூள் வைத்து, மேலே மெல்லிய சவ்வு போர்த்தித் தைத்து ஆறு மாதம். பிறகு ஸ்குரூ, அதற்கு நான்கு மாதம். அதற்கப்புறம்தான் பல். அவ்வளவு நாளும் அண்ணத்தில் பிளாஸ்டிக் தகடு ஒட்டிய, கழட்டி மாட்டுகிற ஒற்றைப் பல்லோடு பாடம் நடத்தினேன்.

ஏன் இத்தனை நாள் என்று அவரிடமே கேட்டேன். அவர் ஒரு ஸ்வீடன் நாட்டு டாக்டரைப் பற்றிச் சொன்னார். பிரோனமார்க் என்று பெயர். 1950-களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தில் செய்த ஒரு சின்னக் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தாராம். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் போனால் வரவில்லை, எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் இது. 1965-இல் முதன்முதலாகப் போட்டுக்கொண்டவர் 2006-இல் இறக்கும் வரை அந்த வேர்களோடேயே இருந்தார். ஸ்குரூவை டாக்டர் வைக்கிறார், பிடித்துக்கொள்வது நம் எலும்பு. நாற்றை நட்டு மறுநாளே இழுத்துப் பார்க்கிறவர் உண்டா? வேர் பிடிக்கிற வரை தொடாமல் இருக்க வேண்டும். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, அதனால் அங்கே பெரும்பாலும் மூன்று மாதம் போதும். மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு.

போய்வருவதற்குக் கணக்கு வேண்டுமென்றால், எல்லாம் சரியாகப் போனால் ஆறு ஏழு தடவை. ஸ்கேன், ஸ்குரூ, தையல் பிரிப்பு. மூன்று மாதம் கழித்து ஈறைச் சின்னதாகத் திறந்து ஒரு பொத்தான் மாதிரி மூடி போடுவார்கள், ஈறு அதைச் சுற்றி வளையமாக ஆறும். பிறகு அளவு எடுப்பது, கேப் மாட்டுவது, கடி சரிபார்ப்பது. அறுவடைப் பணம் வந்து மாசி முதலில் போட்டால், ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவைக்கு நீங்கள் கடையை விட்டு நகர முடியாமல் போவதற்குள் கேப் மாட்டிவிடலாம்.

சொந்தப் பல் மாதிரி இருக்குமா என்றால், மெல்லும் பலத்தில் இருக்கும். உணர்ச்சியில் இருக்காது. நம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் ஒன்று மெத்தை போல இருக்கிறது, கல்லைக் கடித்தால் உடனே சொல்வது அதுதான். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது. கேப் மாட்டி இரண்டாம் மாதம் சோற்றில் ஒரு சின்னக் கல். கீழே இருக்கிற புதுப் பல் சும்மா இருந்தது, மேலே இருக்கிற என் சொந்தப் பல்தான் துடித்தது. அதனால்தான் நீலக் காகிதத்தைக் கடிக்கவைத்து, எங்கே அழுத்தம் அதிகம் என்று பார்த்துப் பார்த்து ராவுவார்கள். அந்த நாளில் அம்மாவை அவசரப்படாமல், 'இன்னும் இங்கே இடிக்கிறது' என்று தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

குடந்தை பல் லேப் எழுதியது:

டீச்சர் எழுதியது நூற்றுக்கு நூறு. நான் பதினேழு வருடமாக கேப் செய்கிறவன், என் மேசைக்கு வருகிற பாதியை மட்டும் சொல்கிறேன்.

கடைவாய்க்கு ஜிர்கோனியா கேப்பும் வரும், உள்ளே உலோகம் வைத்து மேலே பீங்கான் போட்டதும் வரும். இரண்டும் உழைக்கும், பீங்கான் சில சமயம் ஓரத்தில் தெறிக்கும். அதைவிட முக்கியமாக, கேப்பை ஒட்டப் போகிறார்களா, ஸ்குரூவில் மாட்டப் போகிறார்களா என்று கேளுங்கள். ஒட்டுகிறபோது மிச்சப் பசை ஈறுக்கடியில் தங்கிவிட்டால், அங்கே சீழ் பிடித்து எலும்பு கரைய ஆரம்பிக்கும். ஸ்குரூவில் மாட்டினால் மேலே ஒரு சின்னத் துளை, அதை வெள்ளை ஃபில்லிங் வைத்து மூடுவார்கள். நாளைக்கு லூஸ் ஆனால் ஃபில்லிங்கை எடுத்து இறுக்கிக்கொள்ளலாம், கேப்பை உடைக்க வேண்டியதில்லை. ஸ்குரூ போட்ட கோணம் ஒத்துவந்தால்தான் இது முடியும், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

அப்புறம் கார்டு. இம்ப்ளான்ட் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டி வாங்கி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். கொரியாவின் ஆஸ்டெம் திருகிக்கு ஒரு அளவு, சுவிட்சர்லாந்தின் ஸ்ட்ராமனுக்கு வேறு அளவு. போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், பத்து வருடத்துக்கு முன் வெளியூரில் போட்டது, கேப் ஆடுகிறது. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் மரையின் வடிவத்தைப் பார்த்து இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று நானும் டாக்டரும் மூன்று நாள் தேடினோம். ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. 80,000 சொன்னால் அதில் எந்தக் கம்பெனி, கேப் எது, வாரன்டி என்றால் எதற்கு வாரன்டி என்று எழுதியே வாங்குங்கள்.

வலங்கைமான் எழுதியது:

நான் சொல்லப்போவது அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். என் அப்பாவுக்கு 2019-இல் இரண்டு போட்டோம். டாக்டர் நல்லவர், வேலை சுத்தம். மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டது, கேப் மாட்டினோம், எல்லாம் நன்றாக இருந்தது. புகையிலையை விட்டுவிட்டேன் என்று அப்பா டாக்டரிடமும் எங்களிடமும் சொன்னார். விடவில்லை. வயலுக்குப் போகும்போது மடியில் இருந்திருக்கிறது.

இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரைவது வலிக்காது, தம்பி. அதுதான் அதில் கொடுமை. முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம், அப்புறம் வாய் நாற்றம், ஒரு நாள் ஈறை அழுத்தினால் சீழ். 2022-இல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மற்றதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்துகொண்டு வருகிறோம். எடுத்த இடத்துக்குக் கழட்டி மாட்டுகிற செட் வைத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் அசௌகரியம்தான், ஆனால் சாப்பிடுகிறார்.

யாராவது பிரிட்ஜ் போடச் சொன்னால், கடைசிப் பற்கள் இல்லாத இடத்தில் அது வராது, பின்னால் தாங்க ஒரு பல் வேண்டும். ஆக உங்களுக்கு இருப்பது இம்ப்ளான்ட், இல்லையென்றால் செட். அம்மா புகையிலையை விட முடியும் என்று உங்கள் மனதுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் முதலாவது. இல்லையென்றால் 80,000-ஐ வீணாக்காதீர்கள், அவரையும் இரண்டு முறை அறுக்கவிடாதீர்கள்.

மன்னார்குடி செவிலியர் எழுதியது:

மூன்று விஷயம் மட்டும் கேட்கிறேன், பதில் போடுங்கள்.

அம்மாவின் மூன்று மாதச் சுகர், ஹெச்பி ஏ1சி, எவ்வளவு? காலையில் விரலில் குத்திப் பார்க்கிற எண் போதாது. ஏழை ஒட்டி இருந்தால் நிம்மதியாகப் போகலாம். எட்டைத் தாண்டினால் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள், ஆறுவது தாமதமாகும், கிருமியும் எளிதில் பிடிக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, அதனால் அழுத்திக் கேட்கிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்தோ எடுத்திருக்கிறாரா? அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் ஆசிட் என்று சீட்டில் இருக்கும். அந்த மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் தாடையில் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். புற்றுநோய்க்காக அதிக அளவில் ஏற்றியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், எலும்புத் தேய்மானத்துக்கு எடுத்தவர்களுக்குக் குறைவு. குறைவு என்றாலும் டாக்டர் தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

செலவு இடித்தால் புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கிற பல் மருத்துவக் கல்லூரி இரண்டிலும் விசாரித்துப் பாருங்கள்.

நீடாமங்கலம் உரக்கடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது.

செவிலியர் அக்கா கேட்ட மூன்றாவது கேள்வியைப் படித்ததும் அம்மாவின் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 2023-இல் முதுகுவலிக்குக் காட்டியபோது எலும்பு வலுவுக்கு என்று ஒரு டிரிப்ஸ் ஏற்றினார்கள், அடுத்த வருடமும் ஏற்றினார்கள். நாங்கள் அதைக் குளுக்கோஸ் மாதிரி நினைத்துக்கொண்டோம். சீட்டில் சோலெட்ரானிக் ஆசிட் என்றே இருக்கிறது. பல் டாக்டர் வேறு என்ன மருந்து என்று கேட்டபோது சுகர், பிரஷர் என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஃபைலோடு ஓடினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, நல்லவேளை முன்னாலேயே கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஆஸ்பிரின் இல்லை. மூன்று மாதச் சுகர் 9.1.

இப்போதைக்கு முடிவு இது. சுகரை எட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், புகையிலை அறவே கூடாது, எலும்பு டாக்டரின் பதில் வர வேண்டும். மூன்றும் ஆனால் மறுபடி உட்கார்ந்து பேசலாம், அப்போதும் எல்லா ஆபத்தையும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என்றார். அதுவரை கழட்டி மாட்டுகிற செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

வலங்கைமான் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயந்தரம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வெற்றிலையும் விட வேண்டுமா என்று டீச்சரிடம் கேட்கச் சொன்னார். அப்பா இருந்த காலத்திலிருந்து, சாப்பிட்டதும் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து போடுவது. அதை முழுக்க விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாபநாசம் டீச்சர் எழுதியது:

தம்பி, அம்மா அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாரே, அது பெரிய விஷயம். என் அம்மாவும் நாற்பது வருடம் போட்டவர்தான்.

என் டாக்டரிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன். புகையிலைக்கு அடுத்தபடி அவர் பயப்படுவது பாக்கைக் கண்டுதான். சீவலை மென்று மென்றே வாய் உள்பக்கம் இறுகித் திறக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள், புற்றுநோயும் அதிலிருந்து வருகிறது, புகையிலை இல்லாவிட்டாலும் வருகிறது. அதனால் பாக்கும் போக வேண்டும். வெறும் வெற்றிலை பற்றி அவர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. என் அம்மா கடைசி காலத்தில் ஒரு இளம் வெற்றிலையில் நான்கு சோம்பு வைத்து மடித்துப் போட்டுக்கொண்டு அதே திண்ணையில் அதே இடத்தில் உட்காருவார். உங்கள் அம்மாவும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படிச் செய்து பார்க்கட்டும். முதல் இரண்டு வாரம் கை பெட்டியைத் தேடும், எரிச்சல் வரும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள்.

செட் வந்ததும் முதல் வாரம் எங்காவது ஒரு இடத்தில் ஈறைக் குத்தும். பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், எடுத்துப் போனால் அந்த இடத்தை மட்டும் ராவிக் கொடுத்துவிடுவார்கள். போவதற்கு முந்தின நாள் அதை மாட்டிக்கொண்டு இருக்கட்டும், எங்கே சிவந்திருக்கிறது என்று அப்போதுதான் டாக்டர் கண்ணுக்குத் தெரியும். மெல்ல ஆரம்பிக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்துச் சின்னச் சின்னக் கவளமாக. பேச்சு கொஞ்சம் குழறினால் தினமும் காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் பழகினேன். ராத்திரி கழட்டி, தேய்த்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

எலும்பு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.